அம்மாவின் பழைய காயம், பிள்ளையின் இன்றைய அடம்: நடுவில் என்ன நடக்கிறது?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஒரு பிள்ளை கூட விளையாடுகிற பிள்ளையைக் கடித்துவிட்டால், தரையில் புரண்டு அழுதால், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், முதல் பார்வை அம்மா பக்கம்தான் திரும்புகிறது. வளர்ப்பு சரியில்லை என்பார்கள். முன்பெல்லாம் பேச்சு அதோடு நிற்கும். இப்போது கூடவே ஒன்று சேர்ந்திருக்கிறது: "அவளே சின்ன வயதில் நிறையப் பட்டவள், அதுதான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது." உங்கள் ட்ராமா உங்கள் பிள்ளையின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு நிமிட வீடியோக்கள் சொல்கின்றன. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு போனில் அதைப் பார்க்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். தான் பட்டது போதாதென்று அதைப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டோமே என்ற பயத்தோடு அவள் படுக்கப் போகிறாள்.

அவளுக்காகவும் அவளைச் சுற்றி இருப்பவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். தாயின் கடந்த காலத்துக்கும் பிள்ளையின் நடத்தைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் காயம் ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு அப்படியே தாவுவதில்லை. அது நடந்து போகும் பாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையில் பெரும்பகுதி, நாம் கவனிக்காமலே கடந்துவிடும் சின்னச் சின்ன நொடிகளில்தான் இருக்கிறது. பாதை தெரிந்தால் எந்த இடத்தில் நின்று மறிக்கலாம் என்பதும் தெரியும்.

## ஒரு செருப்பிலிருந்து தொடங்குவோம்

காலை நேரம். கிளம்பியாக வேண்டும். மூன்று வயது மகன் செருப்புப் போட மாட்டேன் என்கிறான். அம்மா இரண்டு முறை கெஞ்சிவிட்டாள். மூன்றாவது முறை அவன் செருப்பைத் தூக்கி எறிகிறான். அது கதவில் பட்டுப் படார் என்று சத்தம் வருகிறது.

அந்தச் சத்தத்தில் அவளுடைய தோள்கள் தாமாக மேலேறி இறுகுகின்றன. மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த நொடி அவள் வாயிலிருந்து வரும் கத்தல் வேறு யாருடைய குரலோ போல அவளுக்கே கேட்கிறது. மகன் உறைந்துபோய் நிற்கிறான். அப்புறம் ஓடிவந்து அவள் காலில் அடிக்கிறான்.

பார்ப்பவர் கண்ணுக்கு, பொறுமையில்லாத தாய், அடங்காத பிள்ளை. இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, வீட்டில் ஏதாவது பறந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டால், அடுத்து யாருக்கோ அடி விழப்போகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கும் அடிக்கும் நடுவில் ஓடி ஒளிய அவளுக்குச் சில நொடிகளே இருந்தன. செருப்பு கதவில் பட்டபோது அவள் உடம்பு அந்தக் கணக்கைத்தான் போட்டது. மகனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும்.

## மனக்காயம் என்றால் எது?

ட்ராமா என்ற சொல் இன்று எல்லாவற்றுக்கும் புழங்குகிறது. வருத்தம், ஏமாற்றம், வேலை நெருக்கடி எல்லாமே ட்ராமா ஆகிவிட்டன. இங்கே அதை மனக்காயம் என்று சொல்கிறேன். தாங்கும் சக்தியை மீறிய ஒன்று நடந்து முடிந்த பிறகும், அது இன்னும் முடியவில்லை என்பதுபோல உடலும் மனமும் நடந்துகொண்டே இருப்பதுதான் மனக்காயம். அதனால் ஒரே சம்பவம் ஒருவருக்குக் கசப்பான நினைவாக மட்டும் நின்றுவிடலாம். இன்னொருவருக்கு ஆறாத காயமாகலாம். எந்த வயதில் நடந்தது, எத்தனை முறை நடந்தது, நடந்தபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்போம். அடுப்பு அணைந்து ஆறிக் கிடந்தாலும் அது வராது. அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எச்சரிக்கைதான் அதை ஒரு காலத்தில் காப்பாற்றியது. அணைந்த அடுப்பையும் எரியும் அடுப்பையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

இப்படிச் சூடு கண்டவர்கள் எத்தனை பேர்? அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் தலைமையில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவம் பற்றிக் கேட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, கவனிப்பாரற்ற நிலை, வீட்டில் வன்முறை, குடி, பெற்றோர் பிரிவு போன்றவை கேள்வியில் இருந்தன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் குறைந்தது ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் சந்தித்தவர்கள் சுமார் எட்டில் ஒருவர். எண்ணிக்கை கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதய நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடியது. 1998-இலிருந்து முடிவுகள் வெளியான இந்த ஆய்வுதான் பலரையும் விழிக்க வைத்தது.

இதில் ஒரு எச்சரிக்கை அவசியம். இந்தக் கேள்விகளை இணையத்தில் எடுத்து, தனக்கு ஏழு மதிப்பெண் வந்திருக்கிறதே, இனி அவ்வளவுதானா என்று கலங்குபவர்கள் உண்டு. கூட்டத்தின் போக்கைச் சொல்ல உருவான அளவுகோல் அது. தனி ஒரு மனிதரின் எதிர்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே பிற்பாடு, 2020-இல், விளக்கி எழுதினார்.

## அலாரம் அடிக்கும்போது தாய்க்குள் நடப்பது

மூளையின் உள்ளே, பாதாம் பருப்பு அளவில், அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலைகளில் முக்கியமானது. அதற்கு வேகம் அதிகம், துல்லியம் குறைவு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை நிதானமாக வந்து, "இது வெறும் செருப்பு, எறிந்தவன் மூன்று வயதுக் குழந்தை" என்று சொல்லும். பொதுவாக இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். மனக்காயம் பட்டவருக்கு அமிக்டலா சீக்கிரம் உரக்கக் கத்துகிறது, முன்மூளையின் குரல் அதில் அமுங்கிப்போகிறது. இதயம் படபடக்கிறது. அழுத்தத்தைச் சமாளிக்க உடல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏறுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை உடலின் மொழியில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

பழைய ஆபத்தை நினைவூட்டி இந்த அலாரத்தை அடிக்கச் செய்யும் சத்தம், வாசனை, தொடுகை, முகபாவம் எதுவானாலும் அதைத் தூண்டல் என்பார்கள். தாய்மையில் தூண்டல்களுக்குப் பஞ்சமே இல்லை. நிற்காத அழுகை, தன்மேல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு உடம்பு, தூக்கமின்மை, எறிதல், கடித்தல். தனக்குக் கொடுமை நடந்த வயதைத் தன் மகள் எட்டும்போது காரணமே புரியாமல் கலங்கிப்போகும் தாய்மார்களும் உண்டு.

அலாரம் எப்போதும் கத்தலாகவே வெளிவரும் என்று நினைத்துவிடக் கூடாது. சிலருக்கு உள்ளே எல்லாம் அணைந்துவிடும். பிள்ளை அழுதுகொண்டிருக்கும், அவள் கண் திறந்திருக்கும், ஆனால் அவள் அங்கே இருக்க மாட்டாள். இதை உணர்வு மரத்தல் என்கிறோம். இன்னும் சிலர் பிள்ளையைக் கண்ணை விட்டு அகல விடாமல் காத்துக் காத்தே அதன் மூச்சை அடைத்துவிடுவார்கள். "என் அம்மா மாதிரி நான் இருக்கவே மாட்டேன்" என்று சபதம் எடுத்தவள், பிள்ளைக்கு ஒரு முறைகூட 'வேண்டாம்' சொல்ல முடியாமல் தவிப்பதையும் பார்க்கலாம். ஒரே காயம் இத்தனை முகங்களில் வருவதால்தான், "அவள் அடிப்பதில்லையே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்ற கேள்வி பல நேரம் விஷயத்தைத் தவறவிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பழைய ஆபத்து தாயின் நினைவில் மட்டும் இல்லை, அவள் உடலின் அலாரத்திலும் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பின் சாதாரணத் தருணங்கள் அந்த அலாரத்தைத் தட்டுகின்றன. கத்தல், விலகல், அதீதப் பாதுகாப்பு எல்லாம் அதற்கு அவள் உடல் தரும் பதில்கள்.

## பிள்ளை அமைதியைக் கடன் வாங்குகிறது

இப்போது பிள்ளையின் பக்கம் வருவோம். பிறந்த குழந்தைக்குத் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளத் தெரியாது. அழுகை ஏறினால் ஏறிக்கொண்டே போகும். யாராவது தூக்கி, நெஞ்சோடு அணைத்து, மெல்லப் பேசினால் அது தணியும். பெரியவரின் அமைதியைக் கடனாக வாங்கித்தான் குழந்தை அமைதியாகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி வாங்கி வாங்கி, ஐந்தாறு வயதில் கொஞ்சம் சொந்தமாகச் சேர்த்து வைத்திருக்கும். கையில் கடன் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாத தாயிடம் அது என்ன வாங்க முடியும்?

இதை முகத்துக்கு நேரே காட்டிய சோதனை ஒன்று உண்டு. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978-இல் வெளியிட்டது. தாயும் சில மாதக் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்து விளையாடுகிறார்கள். பிறகு தாய் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. பதில் வராதபோது முகத்தைத் திருப்புகிறது, திரும்பவும் பார்க்கிறது, உடம்பு தளர்ந்து ஒடுங்குகிறது. இரண்டே நிமிடத்தில் இவ்வளவும்.

பலர் இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, ஒரு நொடிகூட முகம் வாடக் கூடாது என்று தாய்மார்களைப் பயமுறுத்துகிறார்கள். டிரானிக்கின் வேலையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. எந்தக் குறையும் இல்லாத தாய்-சேய் விளையாட்டிலும் இருவரும் ஒத்திசைந்து இருப்பது சுமார் 30% நேரம்தான். மீதி நேரமெல்லாம் தவறிப்போவதும், பிறகு ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக்கொள்வதும்தான். இப்படித் தவறியதைத் திரும்பச் சேர்ப்பதைச் சீர்செய்தல் என்கிறார்கள். அறுந்தாலும் மறுபடி சேரும் என்று குழந்தை கற்பது இந்த இடத்தில்தான்.

குழந்தை பயந்தால் யாரிடம் ஓடுமோ, அவரோடு அதற்கு உள்ள உறவைப் பிணைப்பு என்கிறோம். ஜான் பௌல்பி தொடங்கி மேரி ஐன்ஸ்வர்த் விரித்த கருத்து இது. பிணைப்பில் மிகக் கடினமான நிலை, ஓடிப்போய் ஒளிய வேண்டிய மடியே பயத்தையும் தருவது. மேரி மெய்ன், எரிக் ஹெஸ் இருவரும் 1990-இல் இதைக் கவனித்து எழுதினார்கள். தாய் பயமுறுத்தினால் மட்டுமல்ல, தாய் எதையோ கண்டு பயந்த முகத்தோடு இருந்தாலும் குழந்தை குழம்பிவிடுகிறது. அம்மாவிடம் போவதா, அம்மாவை விட்டு ஓடுவதா என்று தெரியாமல் பாதி வழியில் உறைந்து நிற்கிறது. செருப்பெறிந்த மகன் முதலில் உறைந்து, பிறகு ஓடிவந்து அடித்தானே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த நொடியில் இதன் சாயல் இருக்கிறது.

## அடம் எப்படிப் பழக்கமாகிறது

பிள்ளைகளின் சிக்கலான நடத்தையை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். அடி, கடி, கத்தல், சொன்னதைக் கேளாமை ஆகியவை வெளிமுகச் சிக்கல்கள். ஒடுங்குதல், பயம், வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுதல் ஆகியவை உள்முகச் சிக்கல்கள். முதல் வகை எல்லோர் கண்ணிலும் படும். இரண்டாவது வகைப் பிள்ளைக்கு 'ரொம்ப அமைதியான பிள்ளை' என்று நல்ல பெயர்கூடக் கிடைக்கும். அதனாலேயே அதற்கு உதவி தாமதமாகப் போகிறது.

வெளிமுகச் சிக்கல் வளரும் விதத்தை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் வீடுகளுக்கே போய்ப் பார்த்துக் குறித்துவைத்தார். பிள்ளை அழுகிறது. தாய் மறுக்கிறாள். பிள்ளை சத்தத்தைக் கூட்டுகிறது. தாயால் தாங்க முடியாமல் கேட்டதைக் கொடுத்துவிடுகிறாள். வீடு அமைதியாகிறது. இந்த அமைதி இருவருக்குமே பரிசு. சத்தம் போட்டால் நடக்கும் என்று பிள்ளை கற்றது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாய் கற்றாள். இன்னொரு நாள் அவள் அவனைவிட உரக்கக் கத்துகிறாள், அவன் அடங்குகிறான். உரக்கக் கத்துபவர்தான் ஜெயிப்பார் என்ற பாடம் இருவருக்கும் பதிகிறது. இதை வற்புறுத்தல் சுழல் என்று சொல்லலாம்.

எந்தக் குடும்பமும் இந்தச் சுழலில் மாட்டலாம். அலாரம் சீக்கிரம் அடிக்கும் தாய் இன்னும் எளிதாக மாட்டுவாள், ஏனென்றால் அழுகையைச் சத்தமாக மட்டும் அவளால் கேட்க முடிவதில்லை. அது நிற்க வேண்டும், இப்போதே நிற்க வேண்டும். அந்த அவசரத்தில் கொடுப்பதும் நடக்கும், அடிப்பதும் நடக்கும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று மாறும்போது, எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பிள்ளை மேலும் மேலும் தள்ளிப் பார்க்கிறது.

சுருக்கமாக: பிள்ளை அமைதியைப் பெரியவரிடமிருந்து கற்கிறது. பெரியவரின் அலாரம் அடிக்கடி அடித்தால் அந்தப் பாடம் தடைபடுகிறது. தடைபட்ட இடத்தில் அடமோ ஒடுக்கமோ வந்து உட்காருகிறது.

## சொல்ல முடிந்த காயம், சொல்ல முடியாத காயம்

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்க உளவியல் சிகிச்சையாளர் 1970-களில் கைக்குழந்தை உள்ள குடும்பங்களோடு வேலை செய்தார். பெற்றோரின் பழைய வேதனைகள் அழைக்காமலே குழந்தையின் அறைக்குள் வந்து நிற்பதை அவர் பேய்களுக்கு ஒப்பிட்டார். அவரை உறுத்திய கேள்வி: கொடூரமான குழந்தைப் பருவம் வாய்த்தும் பல பெற்றோர் அதைத் தம் பிள்ளையிடம் திருப்பிச் செய்வதில்லையே, ஏன்? 1975-இல் அவர் எழுதிய பதில் இது. நடந்ததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். "அப்பா பெல்ட்டால் அடிப்பார், அதனால்தான் நான் உருப்பட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்பவருக்கும் சம்பவம் நினைவிருக்கிறது. அவர் மறந்தது அந்த அடி விழுந்தபோது பட்ட பயத்தையும் அவமானத்தையும். அந்த வலியையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவர், தன் பிள்ளையின் அழுகையில் அதை அடையாளம் கண்டு கையை நிறுத்திவிடுகிறார்.

இதை வேறு வழியில் சோதித்தார்கள். மேரி மெய்னும் உடன் ஆய்வாளர்களும் 1980-களில் பெரியவர்களுக்கென ஒரு நேர்காணலை உருவாக்கினார்கள். உங்கள் அம்மாவோடு உங்களுக்கு இருந்த உறவைச் சொல்ல ஐந்து வார்த்தைகள் தாருங்கள் என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நினைவைச் சொல்லச் சொல்வார்கள். ஒருவர் 'அன்பான' என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவம்கூடச் சொல்ல முடியாமல் திணறுவார். இன்னொருவர் நாற்பது வருடத்துக்கு முந்தைய சண்டையை இன்று காலை நடந்ததுபோலப் பேசி அதிலேயே சிக்கிக்கொள்வார். மூன்றாமவர், "அம்மா என்னை அடிப்பார். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கும். அவர் பட்ட கஷ்டம் இப்போது புரிகிறது, ஆனாலும் அது சரியில்லை" என்று கோர்வையாகச் சொல்வார். மதிப்பெண் போடுவது எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதற்கு இல்லை. கதை எவ்வளவு கோர்வையாக, உணர்ச்சியோடு, உண்மையாக வருகிறது என்பதற்குத்தான்.

லண்டனில் பீட்டர் ஃபோனகியும் சகாக்களும் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த சுமார் 100 பெண்களிடம் இந்த நேர்காணலை நடத்தினார்கள். குழந்தைக்கு ஒரு வயதானதும் பிணைப்பை அளந்தார்கள். 1991-இல் வெளியான முடிவு வியப்பானது. குழந்தை பிறப்பதற்கு முன்பே தாய் தன் கதையைச் சொன்ன விதத்தை வைத்து, அந்தக் குழந்தையின் பிணைப்பு பாதுகாப்பானதா இல்லையா என்பதை நான்கில் மூன்று பேரிடம் சரியாகக் கணிக்க முடிந்தது. பின்னர் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வுகளில் இந்தத் தொடர்பு வலுக்குறைந்து தெரிந்தது, ஆனால் மறையவில்லை. ஆக, கடந்த காலத்தை மாற்ற முடியாவிட்டாலும் அதைச் சொல்லும் விதம் மாறலாம். கொடுமையான பால்யத்தைத் தாண்டி, கோர்வையாகச் சொல்லும் நிலைக்கு வந்தவர்களுக்கு 'ஈட்டிய பாதுகாப்பு' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

## மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறதா?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மரபணுவின் எழுத்து மாறாமல், அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் வேதியியல் குறிகளைப் படிக்கும் துறை எபிஜெனடிக்ஸ். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுபோல. மொன்ட்ரியலில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளில் கண்டது பிரபலமானது: குட்டிகளை நிறைய நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளர்ந்தவை பிற்காலத்தில் அழுத்தத்தைச் சிறப்பாகத் தாங்கின. 2004-இல் அதற்கான எபிஜெனடிக் குறியையும் காட்டினார்கள். ஆனால் அதே குழு 1999-இல் காட்டிய இன்னொன்றை வீடியோக்கள் சொல்வதில்லை. நக்காத தாய்க்குப் பிறந்த குட்டிகளை நக்கும் தாயிடம் வளர்த்தபோது அவை அமைதியாக வளர்ந்தன. பெண் குட்டிகள் பிறகு தாமும் நக்கும் தாய்களாயின. பெற்றவளைவிட வளர்த்தவளின் கவனிப்பு பேசியது.

மனிதர்களைப் பொறுத்தவரை அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ரேச்சல் யெஹூடாவினுடையது. நாஜிப் படுகொலையில் உயிர்தப்பிய 32 பேரிடமும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரிடமும் இரத்தம் எடுத்துச் செய்தது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து, காயம் மரபணு வழியாக இறங்குகிறது என்று முடிவு கட்ட முடியாது.

## அப்படியானால் இது விதியா?

இல்லை. ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஜிக்லர் இருவரும் 1987-இல் கிடைத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களில் சுமார் 30% பேர் தம் பிள்ளையைக் கொடுமைப்படுத்தவோ கைவிடவோ செய்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். பொதுமக்களிடையே இது சுமார் 5% என்பதால் ஆபத்து கூடுதல்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மீதி 70% பேர் திருப்பிச் செய்யவில்லை. அந்த 30%-கூட முழுதும் நம்பத்தக்கதா என்ற கேள்வி உண்டு. கேத்தி விடோம் குழுவினர் 2015-இல் காட்டியதுபோல, கொடுமைக்கு ஆளான வரலாறு உள்ள பெற்றோரை அதிகாரிகள் கூடுதலாகக் கண்காணிக்கிறார்கள். அதே தவறைச் செய்த மற்றவர்கள் கணக்கில் வராமலே போகிறார்கள்.

சங்கிலியை அறுத்தவர்களிடம் என்ன இருந்தது? அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970-களின் நடுவில் 267 தாய்மார்களோடு தொடங்கிய நீண்டகால ஆய்வு இதைத் தேடியது. சிலருக்குக் குழந்தையாக இருந்தபோதே அன்பு காட்டிய வேறொரு பெரியவர் இருந்தார். சிலர் எப்போதோ உளவியல் சிகிச்சை பெற்றிருந்தார்கள். பலருக்கு ஆதரவான, நிலையான துணை இருந்தார். ஒருவர் வாழ்வில் ஒரே ஒரு அத்தையோ ஆசிரியரோ எவ்வளவு செய்ய முடியும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

## அம்மா மட்டும்தான் காரணமா?

நூல் மட்டும் சேலையாகிவிடாது. தறி வேண்டும், நெய்பவர் கை வேண்டும், சாயம் வேண்டும். தந்தையின் மனக்காயத்துக்கும் இதே பாதைதான். ஆய்வுகளில் தாய்மார்கள் அதிகம் தெரிவதற்கு ஒரு காரணம், ஆய்வுக்கூடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்கள் என்பதுதான்.

பிள்ளையின் பிறவிக் குணமும் உண்டு. சில குழந்தைகள் பிறந்ததிலிருந்தே சீக்கிரம் பதறும், மெதுவாகத் தணியும். அப்படிப்பட்ட பிள்ளை எந்த அமைதியான தாயையும் களைக்க வைக்கும். பெற்றோர் பிள்ளையை உருவாக்குவதுபோலப் பிள்ளையும் பெற்றோரின் நடத்தையை உருவாக்குகிறது என்று ரிச்சர்ட் பெல் 1968-லேயே எழுதினார். இதோடு பணக் கஷ்டம், தூக்கமின்மை, துணையின் வன்முறை, தனிமை எல்லாம் சேர்கின்றன.

தாயைக் குற்றம் சொல்லிக் கோணலாகப் போன வரலாறு உளவியலுக்கு உண்டு. 1940-களில் மனச்சிதைவு நோய்க்குத் தாயின் குணமே காரணம் என்றார்கள். ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மை காரணம் என்றார்கள். இரண்டும் தவறு. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்துவிட்டார்கள். மனக்காயம் பற்றிய இன்றைய அறிவும் அதே வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

## மறிக்க முடிகிற இடங்கள்

மறுபடி அந்தக் கதவருகே போவோம். கத்தல் நடந்துவிட்டது. அவள் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, உள்ளங்கால்கள் தரையில் அழுந்துவதைக் கவனித்து, நான்கைந்து முறை மெதுவாக மூச்சை வெளியே விடுகிறாள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைக் குறைக்கும். அப்புறம் வந்து மகனின் உயரத்துக்கு உட்காருகிறாள். "அம்மா ரொம்பச் சத்தமாகக் கத்திவிட்டேன். நீ பயந்துபோனாய். கத்தினது என் தப்பு. செருப்பை எறியக் கூடாது, அதுவும் உண்மை. வா, சேர்ந்து எடுப்போம்." அவன் உடனே வர மாட்டான். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பரவாயில்லை. சீர்செய்தல் நடந்துவிட்டது. எல்லையும் தளரவில்லை. இதில் அவள் தன் பழைய கதையை மகனிடம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தச் சுமை மூன்று வயதுக்கு உரியது இல்லை. அதைக் கேட்க ஒரு பெரியவர் வேண்டும்.

வெளியிலிருந்து வரும் உதவிக்கும் சான்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் 1970-களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில், முதல் குழந்தைக்குக் காத்திருந்த தாய்மார்களின் வீட்டுக்குச் செவிலியர்கள் கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை போய்வந்தார்கள். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் குழந்தைக் கொடுமையும் கவனிப்பின்மையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் வீட்டில் துணையின் வன்முறை மிகுதியாகத் தொடர்ந்த இடங்களில் இந்தப் பலன் தெரியவில்லை. எரிந்துகொண்டிருக்கும் அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு, பயப்படாதே என்று பூனைக்குச் சொல்ல முடியாது. வன்முறை நடந்துகொண்டிருந்தால் முதல் வேலை தாயையும் பிள்ளையையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது.

தாயையும் சின்னப் பிள்ளையையும் சேர்த்தே உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சைகள் இப்போது உண்டு. ஃப்ரைபெர்க் தொடங்கிய வழியில் வளர்ந்தவை அவை. பெரியவர்களுக்கு, மனக்காயத்தில் பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல மருத்துவரோ உதவுவார். கத்தல் வாரத்தில் பல முறை நடக்கிறது, பிள்ளை அழும்போது தாய்க்குத் தன் நினைவே மறந்துபோகிறது, கை ஓங்குவதை நிறுத்த முடியவில்லை, பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளை சில வாரங்களாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் சேராமல் இருந்தாலும் அப்படித்தான்.

முதல் சந்திப்பிலேயே எல்லாக் கதையையும் சொல்லியாக வேண்டியதில்லை. நல்ல சிகிச்சையாளர் அவசரப்படுத்தவும் மாட்டார். "பொருள் விழும் சத்தம் கேட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது, அப்புறம் பிள்ளையைக் கத்திவிடுகிறேன்" என்ற ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.